திருமணத்துக்குப் பிறகு எந்தப் பெயர்? மாற்றுவதும் மாற்றாமல் இருப்பதும்

திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்க நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. அழைப்பிதழ் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட நாலு நாள் பேச்சு நடக்கும். பெயர் விஷயம் மட்டும், பதிவு அலுவலகத்தில் படிவம் கைக்கு வந்த நிமிடத்தில், பின்னால் இன்னொரு ஜோடி காத்திருக்கும்போது, அவசரமாக முடிவாகிவிடும். அந்தக் கட்டத்தில் எழுதியதுதான் பிறகு பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் மருத்துவமனைக் கோப்பிலும் போய் உட்காருகிறது. ஒரு நாள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் அதுவே ஏறுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கென்று உறுதியான காரணம் இல்லையென்றால் மாற்றாதீர்கள். மாற்றுவதென்று முடிவெடுத்தால் ஓரிடம் விடாமல் முழுசாக மாற்றுங்கள். பாதி ஆவணங்களில் பழைய பெயரும் மீதியில் புதிய பெயருமாக வருஷக்கணக்கில் காலம் தள்ளுவதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. பெரும்பாலானோர் வந்து மாட்டிக்கொள்வதும் அங்கேதான். யாரும் அதைத் தேர்ந்தெடுத்து அங்கே போவதில்லை. முடிவெடுக்காமல் விட்டதால் போய்ச் சேருகிறார்கள்.

இங்கே குடும்பப் பெயர் என்று சொல்வது, சொந்தப் பெயரோடு சேர்த்து ஆவணங்களில் எழுதப்படும் இரண்டாவது பெயரை. பரம்பரையாக வந்த பெயராக இருந்தாலும் சரி, தந்தையின் பெயரை அந்த இடத்தில் எழுதி வந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். இந்தக் கேள்வி பெண்களைத் தேடித்தான் வருகிறது என்பதால் பெரும்பாலும் அவர்களை நினைத்தே எழுதுகிறேன். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆணை மணந்த பெண்களில் 79 சதவீதம் பேர் கணவரின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள். தம் பெயரையே வைத்துக்கொண்டவர்கள் 14 சதவீதம், இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்கள் 5 சதவீதம். அதே கணக்கெடுப்பில் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்ட ஆண்கள் 5 சதவீதம். இதைப் படிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் துணையிடம் "மாத்திக்கப் போறியா?" என்று கேட்பதற்கு முன், அதே கேள்வியை ஒரு முறை உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்கள் பட்டம், உங்கள் கையெழுத்து, உங்களை எல்லாரும் அழைக்கும் விதம் எல்லாம் அடுத்த மாதத்திலிருந்து வேறாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்த பிறகு பேசும் பேச்சு நிச்சயம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

சில நாடுகளில் இது உங்கள் கையில் உள்ள முடிவே இல்லை. ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரோடுதான் இருந்தாக வேண்டும் என்கிறது குடிமைச் சட்டத்தின் 750-ஆம் பிரிவு. யாருடைய பெயர் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்று எழுத்தில் இருக்கிறது. நடப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் தம்பதிகளில் மாறுவது மனைவியின் பெயர். 2015-லும் 2021-லும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு முறையும் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது.

கனடாவின் கியூபெக் மாகாணம் இதற்கு நேர் எதிர். 1981 முதல் அங்கே திருமணத்தால் யாருடைய பெயரும் மாறாது. கணவரின் பெயரைச் சமூகத்தில் பயன்படுத்தலாம். சட்டப்படியான காரியங்கள் எல்லாம் பிறந்தபோது வைத்த பெயரில்தான். கிரீஸில் 1983-ல் இதே மாதிரி சட்டம் வந்தது. பிரான்சில் இது இன்னும் பழைய கதை. புரட்சிக் காலத்தில், 1794-ல் போட்ட சட்டத்தின்படி, பிறப்புப் பதிவேட்டில் உள்ளதுதான் ஒருவரின் பெயர். துணையின் பெயரை "புழங்கு பெயராக" வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அடியில் இருக்கும் பெயர் அப்படியே இருக்கும். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். கல்யாணம் அவற்றைத் தொடுவதில்லை. கொரியாவிலும் பெண்கள் பெயர் மாற்றுவதில்லை.

துருக்கியில் மனைவி கணவரின் பெயரை எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த சட்டப் பிரிவை 2023-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. ஜெர்மனியில் 2025 மே 1 முதல் கணவனும் மனைவியும் சேர்ந்தே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இருவரில் ஒருவர்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கல்யாணம் ஆனால் பெயர் மாற்றித்தான் ஆக வேண்டும், அதுதான் உலக வழக்கம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது உண்மை இல்லை. உலகில் கோடிக்கணக்கான குடும்பங்கள் அம்மாவுக்கு ஒரு பெயரும் அப்பாவுக்கு ஒரு பெயருமாக நன்றாகவே வாழ்கின்றன. குடும்பம் ஒன்றாக இருப்பதற்கும் பெயர் ஒன்றாக இருப்பதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

பிறந்த பெயரிலேயே இருந்துவிடுவது

இதன் பெரிய வசதி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்பதுதான். பட்டச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதங்கள், கடன் வரலாறு, காப்பீடு, சொத்துப் பத்திரம், எழுதிய கட்டுரை, நடத்திய வழக்கு, கையெழுத்திட்ட வரைபடம் எல்லாம் ஒரே பெயரில், ஒரே கோட்டில் தொடரும். பதினைந்து வருஷம் கழித்து யாரோ ஒரு அதிகாரி "இவரும் அவரும் ஒருவர்தானா?" என்று கேட்கும் நிலையே வராது.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. மாற்றாமல் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். திருமணச் சான்றிதழ் காலாவதி ஆகிவிடாது; ஐந்து வருஷம் கழித்து ஆசை வந்தாலும் அதைக் காட்டி மாற்ற வழியுண்டு. மாற்றியவர் பழைய பெயருக்குத் திரும்புவது அப்படி இல்லை. பல இடங்களில் விவாகரத்துத் தீர்ப்போ, தனி விண்ணப்பமோ, நீதிமன்ற உத்தரவோ கேட்பார்கள். சில அமைப்புகள் எண்ணிக்கையே வைத்திருக்கின்றன. உதாரணமாக இந்தியாவின் ஆதார் அட்டையில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். திருமணத்துக்கு ஒன்று போனால், எழுத்துப் பிழை திருத்தவோ திரும்பிப் போகவோ மிச்சம் ஒன்று. ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கிறது, மற்றது சாத்தினால் திறக்கச் சிரமம் என்றால், தெளிவில்லாத நேரத்தில் திறந்த கதவின் பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம். நான் "காரணம் இல்லையென்றால் மாற்றாதீர்கள்" என்பதன் அடிப்படை இதுதான்.

சிரமமே இல்லையா என்றால், இருக்கிறது. அம்மாவின் பெயர் வேறு, பிள்ளையின் பெயர் வேறு என்றால், பிள்ளையோடு தனியாக நாடு தாண்டும்போது குடியேற்ற அதிகாரி உறவைக் கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழின் நகலைப் பையில் வைத்திருந்தால் அது ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் கவுண்டரிலேயே நிற்க வேண்டியதுதான். மருத்துவமனையில் துணைக்கு நிற்பவர் என்ன உறவு என்று கேட்பார்கள். திருமணச் சான்றிதழைப் படமெடுத்து இருவர் போனிலும் வைத்திருங்கள், போதும்.

ஆவணங்களைவிடப் பேச்சுதான் கஷ்டம். "எங்க பேரு உனக்குப் பிடிக்கலையா?" என்று புகுந்த வீட்டில் ஒருவர் கேட்டால், அதில் உண்மையான மனவருத்தம் இருக்கலாம். அதை அலட்சியப்படுத்துவது சரியில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளை, வந்த மருமகள் அல்ல. "நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணினோம், எனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு" என்று மகன் ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அவர் மௌனமாக இருந்துவிட்டு, விளக்கம் சொல்லும் வேலையை மனைவியின் தலையில் கட்டினால், பெயர் மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த வீட்டில் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிமை ஒழிப்புக்கும் பெண் உரிமைக்கும் மேடை மேடையாகப் பேசிய அமெரிக்கரான லூசி ஸ்டோன் 1855-ல் திருமணம் செய்துகொண்டபோது தன் பெயரை மாற்ற மறுத்தார். 1879-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிக்குழுத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்தது. கணவரின் பெயரில் கையெழுத்திட்டால்தான் வாக்கு என்று அதிகாரிகள் சொல்ல, அவர் மறுத்தார், வாக்களிக்காமலே போனார். அவர் பெயரில் 1921-ல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அதற்கு ஐம்பது அறுபது வருஷம் கழித்தும் அழுத்தம் ஓய்ந்துவிடவில்லை. 1975-ல் திருமணமான ஹிலாரி ராடம் தன் பெயரிலேயே வழக்கறிஞர் வேலை பார்த்தவர். கணவர் பில் கிளிண்டன் 1980-ல் ஆர்கன்சா ஆளுநர் தேர்தலில் தோற்றார். மறுபடி போட்டியிட்ட 1982 பிரசாரத்தில் அவர் ஹிலாரி கிளிண்டன் ஆனார். தன் விருப்பத்தில் மாற்றுவதற்கும் மற்றவர்கள் வாயை அடைப்பதற்காக மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

முழுசாக மாற்றிக்கொள்வது

மாற்ற நினைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்ல காரணங்கள் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர் இருப்பது பலருக்கு நிஜமான சந்தோஷம். சிலருக்குப் பிறந்த பெயரோடு நல்ல உறவு இருக்காது: சின்ன வயதில் விட்டுவிட்டுப் போன தந்தையின் பெயரை, அடித்து வளர்த்தவரின் பெயரை, ஏன் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும்? அப்படிப்பட்டவருக்குத் திருமணம் ஒரு கௌரவமான வாசல். வேறு எந்தக் காரணம் சொல்லிப் பெயர் மாற்றினாலும் நூறு கேள்வி வரும். திருமணத்தைச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. பெயர் மாற்றம் அடிமைத்தனம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

இதன் விலை, வேலை. அதுவும் வரிசை தவறினால் இரட்டிப்பு வேலை. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அரசு அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வரி எண், வாக்காளர் பட்டியல், சம்பளப் பதிவு, ஓய்வூதியக் கணக்கு, வங்கி, கடன் அட்டை, காப்பீடு, வாடகை ஒப்பந்தம், வண்டிப் பதிவு, தொழில் உரிமம், போன் இணைப்பு, விசா. எழுதி முடித்தேன் என்று நினைத்த பிறகும் ஒரு வாரத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். பிறரின் ஆவணங்களில் உங்கள் பெயர் இருப்பதையும் மறக்காதீர்கள்: அம்மாவின் வைப்புத் தொகையில் நாமினி நீங்கள்தானே? அங்கே இருப்பது பழைய பெயர். பணம் தேவைப்படும் துக்கமான ஒரு நாளில்தான் அது தெரியவரும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மற்ற எல்லா இடங்களும் எந்த ஆவணத்தைப் பார்த்து நம்புகின்றனவோ, அந்த அடிப்படை அடையாளம் முதலில். பிறகு பாஸ்போர்ட், உரிமம். பிறகு சம்பளமும் வங்கியும் ஒரே மூச்சில், ஏனென்றால் சம்பளம் ஒரு பெயரிலும் கணக்கு வேறு பெயரிலும் இருந்தால் பணம் திரும்பிப் போகும் வாய்ப்பு உண்டு. மற்றவை அதன் பின். திருமணச் சான்றிதழின் சான்றளித்த நகல்களைத் தொடக்கத்திலேயே நாலைந்து வாங்கிவிடுங்கள்; ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் திருப்பித் தரும் வரை அடுத்த அலுவலகத்துக்குப் போக முடியாமல் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஏற்கெனவே பெயர் எடுத்துவிட்ட தொழில்களில் இழப்பு கூடுதல். ஆராய்ச்சியாளர்களுக்கு இது நேரடியான விஷயம்: கட்டுரைகளை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு பெயர்களையும் இரண்டு ஆட்களாக எண்ணிவிடுவார்கள். படிகவியலில் பெரும் சாதனை செய்து 1964-ல் வேதியியல் நோபல் பெற்ற டோரதி ஹாட்ஜ்கின் 1937-ல் திருமணம் செய்துகொண்டார். ஆனால் 1949 வரை டோரதி குரோஃபுட் என்ற பிறந்த பெயரிலேயே கட்டுரைகள் வெளியிட்டார். இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது, 2012 முதல். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. ஆராய்ச்சித் துறையில் இருந்து பெயர் மாற்ற நினைப்பவர், மாற்றுவதற்கு முன்பே அந்த எண்ணை வாங்கிப் பழைய கட்டுரைகளை அதனோடு இணைத்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கண்ணைத் திறந்துகொண்டே யோசிக்க வேண்டும். திருமணம் முறியலாம். கல்யாண நேரத்தில் இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு. காப்பீடு எடுப்பது அபசகுனம் இல்லையென்றால் இதுவும் இல்லை. மாற்றிய பெயரில் பத்து வருஷம் பெயர் எடுத்துவிட்டால், மணவாழ்க்கை முடிந்தாலும் அந்தப் பெயரை விட முடியாமல் போகும். ஜெர்மனியின் சான்சலராக 2005 முதல் 2021 வரை இருந்த ஏஞ்சலா மெர்க்கலின் "மெர்க்கல்", 1982-ல் விவாகரத்தான முதல் கணவரின் பெயர். 1998-ல் யோவாகிம் சாவரை மணந்த பிறகும் அவர் மெர்க்கலாகவே தொடர்ந்தார். அகதா கிறிஸ்டி 1928-ல் ஆர்ச்சி கிறிஸ்டியிடமிருந்து விவாகரத்துப் பெற்று, 1930-ல் மேக்ஸ் மேலோவனை மணந்தார். துப்பறியும் நாவல்கள் கடைசி வரை கிறிஸ்டி என்ற பெயரில்தான் வந்தன. பாடகி டினா டர்னர் 1978-ல் முடிந்த விவாகரத்தில், தன்னைக் கொடுமைப்படுத்திய கணவரிடம் சொத்தெல்லாம் விட்டுக்கொடுத்தாலும் அந்தப் பெயரை மட்டும் விடவில்லை. அதில்தான் அவர் உழைப்பு இருந்தது. அவர் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் யார் கொடுத்ததாக இருந்தாலும் அதற்கு மதிப்பு சேர்த்தவருக்கே அது சொந்தம்.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது

கேட்க அழகாக இருக்கும் தீர்வு இது. யாரையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், இருவர் பெயரும் இருக்கும். இதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. மேரி கியூரியின் மகள் ஐரீன், ஃபிரெடரிக் ஜோலியோவை 1926-ல் மணந்தபோது இருவருமே ஜோலியோ-கியூரி என்று வைத்துக்கொண்டார்கள். 1935-ல் வேதியியல் நோபலும் சேர்ந்தே பெற்றார்கள். மனைவி மட்டும் இரண்டைச் சுமக்காமல் இருவரும் சுமந்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நடைமுறையில் சிக்கல் கணினியில் வருகிறது. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரியில் நெருக்கமாக எழுத்துகள் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். ஒரு வரிக்கு 44 இடம். அதில் முதல் ஐந்து, ஆவண வகைக்கும் நாட்டின் குறியீட்டுக்கும் போய்விடும். மீதி 39 இடத்துக்குள் உங்கள் முழுப்பெயர் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் வெட்டப்படும். அந்த வரியில் சிறுகோட்டுக்கு இடமே கிடையாது. சிறுகோடு வந்தாலும் இடைவெளி வந்தாலும் இடப்பக்கம் கூர்முனை உள்ள ஒரே அடையாளம்தான் விழும். மேலே படிக்கும்போது "ஜோலியோ-கியூரி", கீழே இயந்திரம் படிக்கும்போது இரண்டு தனிச் சொற்கள். விமான டிக்கெட்டில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக வரும். மருந்துக்கடையில் முதல் பாதியில் தேடினால் இருக்காது, இரண்டாவது பாதியில் தேடினால் இருக்கும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் ஒன்று வரும்.

அதனால் இந்த வழியில் போகிறவர்கள் ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ள வேண்டும்: எது முன்னால், எது பின்னால், சிறுகோடா இடைவெளியா என்பதை முதல் நாளே தீர்மானித்து, எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். ஒரு இடத்தில் கோடு, இன்னொரு இடத்தில் இடைவெளி, மூன்றாவது இடத்தில் பாதிப் பெயரை நடுப்பெயராகத் தள்ளிவிட்டது என்றால், இரண்டு பெயர்களுக்குப் பதில் மூன்று ஆட்கள் ஆகிவிடுவீர்கள். இரண்டும் சின்னப் பெயராக இருந்தால் இது நன்றாக ஓடும். இரண்டும் நீளமென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் வளர்ந்து இன்னொரு இரட்டைப் பெயர்க்காரரை மணந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகள் இரண்டுக்கு மேல் சேர்க்கவே விடுவதில்லை.

வேலையில் ஒன்று, ஆவணத்தில் ஒன்று

பலர் இதைத்தான் நடுவழி என்று நினைக்கிறார்கள். அலுவலகத்தில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதிய பெயர். எழுத்தாளர், நடிகர், பாடகர் என்றால் இது சரியாக நடக்கும். அவர்களுக்கு மேடைப் பெயர் பழக்கமானதுதான், ஒப்பந்தத்திலும் இரண்டையும் எழுதிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அடிக்கடி இடிக்கும். என் தோழி ஒருத்தியை வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். அழைத்தவர்களுக்குத் தெரிந்த பெயரில் டிக்கெட் போட்டுவிட்டார்கள், அவளும் மின்னஞ்சலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டினாள். விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டார். மாற்று டிக்கெட் வாங்கி மறுநாள்தான் போக முடிந்தது. அவள் பேச வேண்டிய அமர்வு அதற்குள் முடிந்துவிட்டது.

ஜப்பானில் இந்த இரட்டை வாழ்க்கை லட்சக்கணக்கான பெண்களுக்கு வேறு வழியில்லாமல் வந்தது. 2019 நவம்பர் முதல் குடியிருப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பழைய குடும்பப் பெயரைச் சேர்த்து அச்சிடலாம் என்று அரசு ஏற்பாடு செய்தது அதனால்தான். உங்கள் நாட்டில் அப்படி ஒரு வசதி, அதாவது அடையாள ஆவணத்திலேயே இரண்டு பெயரும் சட்டப்படி நிற்கும் வசதி, இருந்தால் மட்டும் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இது தீர்வு மாதிரித் தோன்றும் தள்ளிப்போடல்தான்.

கணவர் மாற்றுவது, அல்லது இருவரும் மாற்றுவது

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஆனால் பேச்சில் ஒரு முறையாவது வர வேண்டும். இசைக்கலைஞர் ஜேக் வைட் பிறந்தபோது கில்லிஸ். 1996-ல் மெக் வைட்டை மணந்து அவர் பெயரை எடுத்துக்கொண்டார். ஜான் லெனன் 1969-ல் மனைவி யோகோவின் "ஓனோ"வைத் தன் பெயருக்கு நடுவில் சட்டப்படி சேர்த்தார். லாஸ் ஏஞ்சலிஸ் மேயராக இருந்த அன்டோனியோ வில்லராய்கோசாவின் பெயர், அவருடைய வில்லர், மனைவியின் ராய்கோசா இரண்டையும் இணைத்து உண்டாக்கியது. ஆண் பெயர் மாற்றுவதற்குச் சட்டமே தடையாக இருந்த இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2007-ல் இயற்றிய சட்டம்தான் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நடைமுறையைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவில் 2025 செப்டம்பரில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம், மனைவியின் பெயரை எடுக்க விரும்பும் கணவனைத் தடுப்பது பாகுபாடு என்று சொன்னது.

ஒரே பெயர் வேண்டும் என்பது இருவரின் உண்மையான ஆசை என்றால், யாருடைய பெயரில் குறைவான ஆவணங்களும் குறைவான தொழில் வரலாறும் இருக்கிறதோ, அவர் மாற்றுவதுதான் நியாயமான கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வீடுகள் மிகக் குறைவு. புதிதாக ஒரு பெயரை உண்டாக்குவது இருவருக்கும் சமமான வேலை. ஆனால் பல நாடுகளில் திருமணச் சான்றிதழ் மட்டும் அதற்குப் போதாது, தனியாகப் பெயர் மாற்ற நடைமுறைக்கே போக வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் பெயரை இதோடு குழப்ப வேண்டாம்

"நாளைக்குக் குழந்தை வந்தால்?" என்ற கேள்விதான் தயங்குபவர்களைப் பெயர் மாற்றத்தின் பக்கம் தள்ளுகிறது. இரண்டும் தனித்தனி முடிவுகள். தாய் பெயரை மாற்றாமலே குழந்தைக்குத் தந்தையின் பெயரையோ, தாயின் பெயரையோ, இரண்டையுமோ வைக்கப் பெரும்பாலான நாடுகளில் வழியுண்டு. பள்ளியில் ஆசிரியர் குழம்புவார் என்பது பெரிய வாதமில்லை. மறுமணம் செய்தவர்களின் பிள்ளைகளையும், தனித்து வளர்க்கும் தாய்மார்களின் பிள்ளைகளையும் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்பதைக் குழந்தை வருவதற்கு முன் நிதானமாகப் பேசுங்கள். அதற்காக இன்றைக்கே உங்கள் பெயரை முன்பணமாகக் கட்டத் தேவையில்லை.

எப்போது செய்வது

மாற்றுவதென்று முடிவாகிவிட்டால் நாள் பார்ப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்போர்ட் கிடைத்து ஓராண்டுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் வழக்கமான கட்டணம் இல்லை. ஆக, திருமணத்துக்குச் சில மாதம் முன்பு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர் தள்ளிப்போடக் கூடாது. பிரிட்டனில் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பே புதிய பெயரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பழையது உடனே ரத்தாகிவிடும், புதியது திருமண நாளுக்கு முன் செல்லாது; நடுவில் எங்கும் போக முடியாது. பழைய பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத விசா இருந்தால், கைவைப்பதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டுக் கடனோ குடியேற்ற விண்ணப்பமோ பாதியில் நிற்கிறது என்றால் அது முடியும் வரை பொறுங்கள். பரிசீலனை நடுவில் பெயர் மாறினால் கோப்பு முதலிலிருந்து போகும் வாய்ப்பு உண்டு.

தேனிலவுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தால், அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே போய்விட்டு வந்து, அப்புறம் மாற்றத் தொடங்குங்கள். மாற்றத் தொடங்கிய பிறகு ஆறு மாதத்துக்குள், பெயர் இருக்கும் இடங்களை எழுதிய அந்த வெள்ளைத்தாளில் உள்ள எல்லாவற்றையும் அடித்து முடிக்கப் பாருங்கள். பழைய பெயரில் உள்ள அடையாள அட்டையின் நகல், பழைய பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். வேலை மாறும்போது, ஓய்வூதியம் வாங்கும்போது, சொத்து பாகம் பிரிக்கும்போது அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.